புது மிக்ஸிக்கு ஒரு வாழ்த்து மடல்

மிக்ஸியே, உன்னைப் புகழ்ந்து நாலு வார்த்தை சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. கடையில் உன்னைப் பார்த்தாலே கண் நிறைகிறது. கறுப்பும் சிவப்புமாக, வெள்ளையும் ஊதாவுமாக எத்தனை அழகு! ஒரு கையால் தூக்கி அலமாரிக்குள் வைத்துவிடலாம். எங்கள் அம்மாவின் சுமீத் மிக்ஸி அப்படியில்லை. மேடையின் மூலையில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அதை நகர்த்த அப்பாவைத்தான் கூப்பிடவேண்டும்.

உன் முன்னோரின் கதை உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. 1960-களில் பம்பாயில் மாதுரி மாத்தூர் என்ற அம்மையார் வீட்டில் ஜெர்மனியின் பிரௌன் மிக்ஸி ஒன்று இருந்தது. பழச்சாறு அடிக்கவும் மாவு கலக்கவும் செய்த மெஷின். அது பழுதாகி நின்றபோது சரிசெய்து தர ஆளில்லை. அவர் கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் சீமென்ஸ் கம்பெனியில் எஞ்சினியர். ஊறின உளுந்தையும் காய்ந்த மஞ்சளையும் கொப்பரையையும் அரைக்கிற மோட்டார் எப்படி இருக்கவேண்டும் என்று யோசித்து அவர் செய்ததுதான் சுமீத்.

அந்த மனிதருக்கு உன்னைச் செய்தவர்களின் சாமர்த்தியம் கிடையாது. கெடாமல் ஓடவேண்டும் என்று மட்டும் நினைத்தார். அதனால் ஒருமுறை வாங்கிய வீடு மறுபடி கடைப்பக்கம் வரவில்லை. அம்மாவிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு என்று அது கைமாறிக்கொண்டே போயிற்று. சுமீத் என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று மாத்தூர் குடும்பத்துக்குள்ளேயே வழக்கு மூண்டு, 1994-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. உன்னால் எந்தக் குடும்பத்திலும் அப்படி மனஸ்தாபம் வராது. பாகம் பிரிக்கிற நாள்வரை நீ இருப்பதில்லை.

உன் வெளிப்படைத்தன்மையும் பெரிது. 750 வாட், 1000 வாட் என்று பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அது நீ மின்சார மீட்டரிலிருந்து வாங்கிக்கொள்ளும் கணக்கு. அதில் எவ்வளவு அரைப்பாகிறது, எவ்வளவு சூடும் இரைச்சலுமாகப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை, நீயும் சொல்லிக்கொள்வதில்லை. உன் இனத்தில் விலை குறைந்த சிலர் செம்புக்குப் பதிலாக அலுமினியக் கம்பி சுற்றிக்கொள்கிறார்கள். ஒரே தடிமனில் செம்பு கடத்தும் மின்சாரத்தில் சுமார் 60 சதவீதம்தான் அலுமினியம் கடத்தும். ஆனால் எடை குறைகிறதே, அதைச் சொல்லவேண்டாமா?

வாரண்டி தருவதில் உன் தாராளத்துக்கு ஈடில்லை. மோட்டாருக்கு ஐந்து வருஷம்! கப்ளர், வாஷர், கார்பன் பிரஷ் போன்ற தேய்கிற சாமான்களுக்குப் பொருந்தாது என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். முதலில் போவது அவைதான். சீக்கிரம் போகாததற்கு உறுதி கொடுக்கும் பெருந்தன்மை உன்னிடம் இருக்கிறது.

கப்ளர் விஷயத்தில் உன்னை எத்தனை புகழ்ந்தாலும் தகும். ஜாரும் மோட்டாரும் சேரும் இடத்தில், பல் பல்லாக வெட்டின சின்ன வட்டம் அது. அரைபடாத தேங்காய்த் துண்டு சிக்கி பிளேடு நின்றுபோனால், சுற்றுகிற மோட்டாரின் வேகம் எங்காவது போயாகவேண்டும். அப்போது கப்ளரின் பல் மழுங்கும், மோட்டார் பிழைக்கும். தான் அழிந்து மோட்டாரைக் காப்பாற்றட்டும் என்றே அதை மிருதுவான பொருளில் செய்கிறார்கள். அம்மா கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் உபரி கப்ளர் இரண்டு எப்போதும் வைத்திருப்பார். ஜாரைக் கவிழ்த்து, பழந்துணியால் பிளேடைப் பிடித்துக்கொண்டு, தேய்ந்ததைத் திருகி எடுத்துவிட்டுப் புதியதை மாட்டுவார். இட்லி ஆறுவதற்குள் சட்னி தயாராகிவிடும்.

உன் கப்ளரோ உன்னைத் தவிர யாருக்கும் பொருந்தாது. அதே கம்பெனியின் போன வருஷ மாடலில் இருந்தது இந்த வருஷ மாடலில் உட்காராது. இப்படி ஒரு ஏகபத்தினி விரதத்தை ராமாயணத்துக்கு வெளியே உன்னிடம்தான் பார்க்கிறேன். கடைக்காரரும் நீட்டி முழக்காமல் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்: "அந்த மாடல் நின்னுபோச்சுங்க."

கார்பன் பிரஷ் தேய்வது இயல்பு. காற்றுத் துவாரம் வழியே நீலப்பொறி தெரியும், கருகல் வாசனை வரும். அடியில் உள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றிப் புதியது வைத்தால் பழைய மிக்ஸி இன்னும் சில வருஷம் ஓடும். நீ வீட்டுக்காரர்களுக்கு அந்தச் சிரமம் வைக்கவில்லை. சாதாரண ஸ்க்ரூ டிரைவருக்கு மசியாத ஸ்க்ரூ, உள்ளே பிளாஸ்டிக் கொக்கி, திறந்தால் கொக்கி உடைகிற ஏற்பாடு! "மிக்ஸி, குக்கர், கேஸ் ஸ்டவ் ரிப்பேர்" என்று தெருவில் கூவிக்கொண்டு வந்த மனிதருக்குக்கூட ஓய்வு கொடுத்துவிட்டாய். அவர் கைவசம் இருந்த வித்தையை அவர் மகன் கற்றுக்கொள்ளும் அவசியமும் இல்லை.

நீ வரும்போது சும்மா வருவதில்லை; எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் முப்பது வருஷம் உழைத்த மிக்ஸியைக் கையோடு கூட்டிக்கொண்டு போகிறாய். அதன் வயிற்றிலிருக்கும் செம்பு பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகிறது. நீ போகும்போது எடைக்குப் போட அவ்வளவும் இருக்காது.

உன்னைச் செய்கிறவர்களிடம் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் குழு அமைத்தது, இணையதளமும் தொடங்கியது. சட்டம் வந்து கட்டாயப்படுத்தும்வரை காத்திருக்கவேண்டாம். எல்லா மாடலுக்கும் ஒரே அளவு கப்ளர் போடுங்கள். சாதாரண ஸ்க்ரூ போடுங்கள். மாடலை நிறுத்தினாலும் பத்து வருஷத்துக்கு அதன் சாமான்களை விற்றுக்கொண்டிருங்கள். வாங்கப்போகிற அக்கா, தங்கைகளே, அண்ணன், தம்பிகளே, நிறத்தையும் வாட்டையும் பார்த்து முடித்தபின், பில் போடுவதற்குமுன் ஒன்று கேளுங்கள்: "இதுக்குக் கப்ளர் தனியாக் கிடைக்குமா?" பதில் வரத் தாமதமானால் அடுத்த கடைக்குப் போங்கள்.