நூல்களுக்குத் தலைவரி இல்லை

சீனப் பண்பாட்டின்மீது கனடா கொண்டிருந்த பற்றைக் குறைத்து மதிப்பிடுவோர், 1935ஆம் ஆண்டு டொராண்டோவை வந்தடைந்த மூ தொகுப்பைக் கருதிப் பார்த்தல் நலம். பெய்ஜிங் அறிஞர் மூ சுவேசுன் சேர்த்த, ஏறத்தாழ 40,000 நூற்பகுதிகள் கொண்ட இந்நூலகத்தை, ஹெனானில் ஆயராக இருந்த வில்லியம் ஒயிட் வாங்கி அனுப்ப, நகரம் அகமகிழ்ந்து ஏற்றது. சீனர் என்பதற்காகவே நுழைவாயிலில் தலைக்கு 500 டாலர்வரை பெறப்பட்ட தலைவரியும் போதாதென்று, 1923ஆம் ஆண்டுச் சட்டம் சீன மனிதர்களுக்குக் கதவை ஏறக்குறைய முழுதாக அடைத்திருந்த காலம் அது. இக்கொள்கையின் நுட்பம் போற்றத்தக்கது: நூல் வாக்குரிமை கேட்பதில்லை, மனைவி மக்களை வரவழைப்பதில்லை, குறைந்த கூலிக்கு இருப்புப்பாதை போட்டு எவர் பிழைப்பையும் கெடுப்பதில்லை, வைத்த அலமாரியில் வைத்தபடி நிற்கிறது. பேசுவோர் அருகில் இல்லாதபோதுதான் ஒரு மொழியை அமைதியாகக் கற்க இயலும்.

1947இல் அச்சட்டம் நீக்கப்பட, அமைதி குலைந்தது. எனினும் பழைய நெறி முற்றிலும் அழிந்துவிடவில்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் தொடக்கநிலைச் சீன வகுப்பு, மாண்டரினோ பிற சீன வழக்குகளோ அறியாதவர்க்கும் மிகச் சிறிதே அறிந்தவர்க்கும் உரியதாகையால், அங்கு அறியாமையே நுழைவுத் தகுதி. இவ்வுயர்நெறி தமிழுக்கும் விரிவுபடுத்தப்படுமாயின், 30 லட்சம் டாலர் திரட்டி அப்பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு வழிசெய்த சமூகத்தின் பிள்ளைகள் முதலாண்டிலேயே எல்லா இடங்களையும் கைப்பற்றுவர்; அதற்கென அவர்களுடைய பெற்றோர் வீட்டில் பல ஆண்டுகளாக, ஆங்கிலத்திலேயே, உழைத்து வருகின்றனர்.