அமைதி தேடும் படலம்

சென்னைக் குடும்பத்துக்கு அமைதி என்பது காலையில் கிளம்பி ராத்திரிக்குள் வீடு திரும்பும் தூரத்தில் இருக்க வேண்டும். மாமல்லபுரத்தில் கூட்டம். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு, சித்திக்கு வாந்தி வரும். கடைசியில் வாட்ஸ்அப் குழுவில் தேறுவது பழவேற்காடு. வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஏரி, படகு, 1613-இல் டச்சுக்காரர் கட்டிய கோட்டை இருந்த இடம், அவர்களுடைய கல்லறைத் தோட்டம்.

பிறகுதான் நிபந்தனைகள். ஊர் அமைதியாக இருக்கணும், ஆனால் போனில் டவர் முழுசாக வேணும். கிராமம் மாதிரி இருக்கணும், வெஸ்டர்ன் டாய்லெட் வேணும். பெரியப்பாவுக்கு ஃபில்டர் காபி, பிள்ளைகளுக்குப் பீட்சா. “அங்கே என்னதான் இருக்கு?” என்பார் அத்தை. ஒண்ணும் இல்லை என்பதுதான் நேர்மையான பதில். சொன்னால் பயணமே ரத்து.

பூநாரை பார்க்கக் குளிர்காலத்தில் போங்கள் என்று பறவை ஆர்வலர்கள் தலைபாடாய் அடித்துக்கொள்கிறார்கள். இவர்கள் போவது மே மாதம், பள்ளி லீவு. வேன் நிறைய சனம், அண்டா நிறையப் புளியோதரை, புளூடூத் ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு. கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவில் நின்று செல்ஃபி எடுத்தாயிற்று. “சுத்த போர்” என்று மூன்று மணிக்கே வேனைத் திருப்பச் சொல்கிறார் மாமா, வழியில் ஏதாவது மால் இருக்கிறதா என்று டிரைவரிடம் விசாரித்தபடி.