வாசல் எந்தப் பக்கம்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பண்டத்தரிப்பிலிருந்து யாழ்ப்பாணக் கம்பஸுக்குப் போன எங்களுக்கு மனம் என்று ஒன்று இருப்பதாக யாரும் சொல்லவில்லை. ஆகவே அது கெடவும் வழியில்லை. பொருளாதாரத் தடைக்காலம். பெற்றோலும் இல்லை, மின்சாரமும் இல்லை. இரவில் ஜாம் போத்தில் விளக்கு, காலையில் சைக்கிள். சண்டிலிப்பாய், மானிப்பாய், சுதுமலை, கொக்குவில் என்று மிதித்துத் திருநெல்வேலி போய்ச் சேர்வதற்குள் சோதனைப் பயத்தில் பாதி வேர்வையாய்ப் போயிருக்கும். இப்போது பெடியள் அதற்குக் காசு கட்டி ஜிம்முக்குப் போகிறார்கள்.

அந்த இடத்தையும் எங்கள் மனதுக்காக யாரும் திட்டமிடவில்லை. பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியில் 1974இல் பல்கலைக்கழக வளாகம் குடியேறியது. கல்லூரியோடு சிவன் கோயிலும் சேர்ந்து வந்தது. கோயிலடியில் ஒருவன் மணிக்கணக்காகக் குந்தியிருந்தால் பார்ப்பவர்கள் பக்தி என்று நினைப்பார்கள். காதல் தோல்வியும் கணக்கியல் தோல்வியும் அந்த மறைப்பில் ஆறின.

அதற்காகப் பழையதெல்லாம் பொன் இல்லை. மாதக்கணக்கில் வாய் திறக்காத ஒருவனுக்கு ஊர் நூல் கட்டும்; அதுவும் பலிக்காவிட்டால் 'விசர்' என்று கதையை முடித்துவிடும். போர் எங்கள் மனங்களை என்ன செய்தது என்று அதே பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் புத்தகமே எழுதினார். நிழல் இருந்தது. 'என்னடா நடந்தது?' என்று கேட்க ஆள்தான் இல்லை.

இப்போது ஆள் உண்டு. தெற்கில் படிக்கும் மருமகளின் பல்கலைக்கழகத்தில் உளவள ஆலோசனைக்குக் குளிரூட்டிய அறை. ஜன்னல் இல்லை, சுவரில் காட்டுப் படம். பித்தப்பைச் சத்திரசிகிச்சை முடிந்தவர்களில், ஜன்னலால் மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் எழுதினார். படம் போதும் என்று அவர் எழுதியதாக நினைவில்லை.

"போய்ப் பாத்தியா, பிள்ளை?" என்று கேட்டேன்.

"எப்பிடி மாமா போறது? முன்னுக்குப் பரீட்சைக் கிளை. எந்த நேரமும் கியூ நிக்கும். கதவைத் திறந்தாலே, ஆர் போறாள் எண்டு எல்லாரும் திரும்பிப் பாப்பினம். நூலகத்துப் பின்பக்கம், மரத்தடியால ஒரு வாசல் வச்சிருக்கலாம்."

எனக்குத் தெரிந்து வளாகம் கட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆலோசனை கிடையாது: கேட்க ஒரு ஆள், அவரிடம் காரணம் சொல்லாமல் போய்ச்சேர ஒரு நிழல்வழி.

அறைக்கு மாணவர் வரவு குறைவு என்று நிர்வாகமும் கவலைப்பட்டதாம். குழு கூடியது. பெயர்ப்பலகையைப் பெரிதாக்கி, இரவிலும் தெரிய விளக்குப் போட்டிருக்கிறார்கள்.