சென்னையில் இசைத்தட்டு வேட்டை

கே: வெளிநாடு போகிறவர்கள் பழைய இசைத்தட்டுக் கடைகளைத் தேடி அலைகிறார்களாமே! நான் சென்னைக்குப் போகிறேன். எங்கே தேடலாம்?
– ஒரு வாசகர், கினிகத்தேனை

ப: மூர் மார்க்கெட் என்று சொல்லியிருப்பேன். 1985இல் எரிந்துபோனது, இப்போது அங்கே ரயில் டிக்கெட்தான் கிடைக்கும். மும்பையின் ‘ரிதம் ஹவுஸ்’ இசைத்தட்டுக் கடையும் 2016இல் மூடியாயிற்று. லண்டன் ‘ரஃப் டிரேட்’ கடை 1976 முதல் தாக்குப்பிடிக்கிறது, விமானச் சீட்டுக்கு வழியிருந்தால் போங்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் பாட்டுக்காகச் சென்னைக்காரர்கள்தான் உங்கள் பக்கம் வானொலியைத் திருப்பினார்கள். ஐம்பதுகளில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது அள்ளிக் கொட்டியது இலங்கை வானொலி. அதன் இசைத்தட்டுக் களஞ்சியம் இருப்பது கொழும்பில். உங்களூர் வழியாகப் போகிற ஏ7 வீதியில் பஸ் ஏறினால் போதும். விற்கமாட்டார்கள், அது வேறு விஷயம்!

சென்னையில் ஏதாவது சிக்கினால் வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பாருங்கள். பழைய 78 சுழற்சித் தட்டு அரக்கில் செய்தது, கைதவறினால் அப்பளம்தான். அதற்கு எல்பி ஊசியும் ஆகாது. வீட்டில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். கினிகத்தேனை மழைக்கு, நீங்கள் கேட்பதற்கு முன் பூஞ்சணம் கேட்டுவிடும். கடைக்காரர் ‘அபூர்வமான தட்டு’ என்றால் பணப்பையை இறுக்கிப் பிடியுங்கள்.