பறப்பது மூன்று நிமிடம்

2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது. உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. ரேஸிங் ட்ரோன் பழகுகிறவர்களுக்கு இதில் பெரிய வருத்தம் இருக்க நியாயமில்லை. முழுதாக வாங்கினாலும் முதல் ஞாயிறு சாய்வதற்குள் அது உதிரிபாகமாகிவிடும்.

நான்கு மோட்டாரில் இரண்டு வலமாகச் சுற்றும், இரண்டு இடமாக. இறக்கையை மாற்றிப் பூட்டினால், கிளப்பிய இடத்திலேயே குட்டிக்கரணம். சரியாகப் பூட்டினால், கொஞ்சம் உயரம் போய்க் குட்டிக்கரணம். கல்யாண வீட்டில் படம்பிடிக்கும் ட்ரோன், குச்சியை விட்டதும் அந்தரத்தில் சமர்த்தாக நிற்கும். ரேஸிங் ட்ரோனோ, தானாக நிமிராத 'ஆக்ரோ' முறையில், சாய்த்தால் சாய்ந்தபடியே போகும். நிமிர்த்த வேண்டியவரோ, ட்ரோன் கேமரா காட்டும் படத்தைப் பார்க்க மாட்டிய கண்ணாடிக்குள் எது வானம், எது புல் என்று தேடிக்கொண்டிருப்பார்.

பறப்பது மூன்று, நான்கு நிமிடம். பிறகு மாலை முழுக்க ஈயப்பற்று. பேட்டரியைச் செருகும் மஞ்சள் கனெக்டரில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் பற்றவைத்தால் ஒரு 'டப்', கொஞ்சம் புகை. அதோடு போர்டு மௌனவிரதம்.

பேட்டரிக்கு உபசாரம் தனி. செல்லுக்கு 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, 3-க்குக் கீழே இறங்கக் கூடாது, சும்மா வைப்பதென்றால் 3.8. தலைதீபாவளி மாப்பிள்ளைகூட இவ்வளவு படுத்துவதில்லை.

2021 ட்ரோன் விதிகளின்படி, பொழுதுபோக்குக்கென்றால் 2 கிலோ வரை பைலட் சான்றிதழ் வேண்டாம். தென்னை ஏறத் தெரிந்த ஆள்தான் வேண்டும். அவரும் இப்போதெல்லாம் மட்டைக்கு ஒரு ரேட், ட்ரோனுக்கு ஒரு ரேட் சொல்கிறார்.