ஆடு கடிக்காத இலை

வாரும் மருமகனே, வாரும். வேப்ப மரத்து நிழலுக்கு இன்னும் யாரும் பட்டா போடல, உக்காரும். பைக்குள்ள என்னது, லேப்டாப்பா? வெயில்ல வச்சிராதீரும். அது நம்ம ஊரு சரக்கு இல்ல, வாடிப் போயிரும்.

மெட்ராஸ்ல பாத்த வேலையை விட்டுட்டு, தாத்தன் வச்சுட்டுப் போன நாலு ஏக்கர்ல மூலிகை போட்டு, உலகத்துக்கே புது மருந்து கொடுக்கப் போறீராம். உங்க அத்தை சொன்னா. கேட்டதுல இருந்து எனக்கு முழங்கால் வலி பாதி போயிருச்சு. மிச்சத்துக்கு நீரு மருந்து கண்டுபிடிக்கது வரைக்கும் பொறுத்துக்கிடுதேன்.

அது என்ன தாளு? 'பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் மூலிகைத் திட்டம்'. இருபது பக்கம், கலர்ல வேற! ஒம்பதாம் பக்கத்தை மட்டும் ஒரு பார்வை பாத்துக்கிடுதேன்... ம்ம். சரி, கயித்துக் கட்டில்ல வையும். மிச்சத்தைச் சாவகாசமாப் படிப்போம்.

மொதல்ல ஒண்ணு கேக்கேன். ஆட்டுக்கிட்ட யோசனை கேட்டீரா?

சிரிக்காதீரும்வே. வெள்ளாடுதான் நம்ம ஊரோட மொத லேபரட்டரி. கருவேல முள்ளுக்கு நடுவுல இலையைக் கடலை மிட்டாய் மாதிரி கடிக்குத சாதி அது. அதுவே மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்புச்சுன்னா, அந்த இலைக்குள்ள ஏதோ சங்கதி இருக்கு. ஆடாதோடைக்கு அந்தப் பேரு எப்படி வந்துச்சுங்கீரு? ஆடு தொடாத இலை. அதைத்தான் நம்ம பாட்டிமாரு இருமலுக்கு அவிச்சுக் கொடுத்தாங்க. அந்த இலையில இருக்க வாசிசினை முன்மாதிரியா வச்சுத்தான் வெள்ளைக்காரன் புரோம்ஹெக்சின் செஞ்சான். உம்ம மகனுக்கு வாங்குத சளி சிரப்பு பாட்டிலைத் திருப்பிப் பாரும், அந்தப் பேரு இருந்தாலும் இருக்கும். கண்டுபிடிச்சது ஆடு, பேரு வச்சது தமிழன், காசு பாத்தது கம்பெனி.

அடுத்து நம்ம சுடுகாட்டு மல்லி. நீரு மரியாதையா நித்தியகல்யாணிம்பீரு. மடகாஸ்கர்ல பொறந்து, நம்ம வெயிலுக்கு வாக்கப்பட்டு வந்த செடி. தண்ணி ஊத்த ஆளில்லாத சமாதி மேட்டுலயும் பூத்துக் கிடக்கும். ஜமைக்காவுல சக்கரை வியாதிக்கு இதைக் கசாயம் வச்சுக் குடிக்காங்கன்னு கேள்விப்பட்டு, கனடாவுல ராபர்ட் நோபல்னு ஒருத்தர் எலிக்குக் கொடுத்துப் பாத்தாரு. சக்கரை குறையல. ரத்தத்துல வெள்ளை அணு குறைஞ்சுது. வேற ஆளுன்னா இலையைக் குப்பையில போட்டிருப்பான். அவரும் கூட இருந்த சார்லஸ் பீரும் விடாம நோண்டி, 1958-ல வின்பிளாஸ்டின்ங்குத மருந்தைப் பிரிச்சு எடுத்தாங்க. அதோட தங்கச்சி வின்கிறிஸ்டின், பிள்ளைகளுக்கு வார ரத்தப் புத்துநோய்க்கு இன்னைக்கும் மருந்து. சுடுகாட்டுல பூக்குத பூவு, சுடுகாட்டுக்குப் போற பிள்ளையைப் பாதி வழியில திருப்பிக் கூட்டியாருது.

உடனே கண்ணு மின்னுது பாரும்! கணக்கையும் கேட்டுக்கிடும். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமாரா 500 கிலோ காஞ்ச இலை வேணும்பாங்க. உம்ம நாலு ஏக்கரும் நல்லா விளைஞ்சா மிஞ்சுதது ஒரு மூக்குப்பொடி மட்டைக்குக் காணும். அதுவும் உம்ம கையில இல்ல, கம்பெனிக்காரன் கையில. அதுக்குள்ள 2022-ல டென்மார்க்ல ஆராய்ச்சிக்காரங்க, இந்தச் செடியோட ஜீனை ஈஸ்டுக்குள்ள புகுத்தி, வின்பிளாஸ்டினுக்கு வேண்டிய ரெண்டு மூலச் சரக்கையும் அதை வச்சே செய்ய வச்சுட்டாங்க. மாவு புளிக்குத சங்கதியில மருந்து!

மூஞ்சியைத் தொங்கப் போடாதீரும். ஈஸ்டு நல்லாப் பாடுத பிள்ளைதான். ஆனா பாட்டுக் கட்டுனது செடி. புதுப் பாட்டு வேணும்னா நாளைக்கும் செடிகிட்டதான் வரணும். அந்தச் செடி அதுவரைக்கும் உசிரோட இருக்கணும், கசப்போடயும் இருக்கணும்.

அந்தக் கசப்பை அது எதுக்குச் செய்யுது? உம்ம மேல உள்ள பிரியத்துலயா? ஆட்டுக்கும் புழுவுக்கும் வெயிலுக்கும் பயந்து ஓடி ஒளியச் செடிக்குக் காலு இல்ல, வையதுக்கு வாயும் இல்ல. வைய வேண்டியதை எல்லாம் இலையில எழுதி வச்சுக்கிடுது. மருந்துங்கது செடி பட்ட பாடுவே. மருந்தியல் படிக்குத என் பேத்தி சொல்லுதா, தண்ணியைக் குறைச்சு வளத்த நித்தியகல்யாணி வேருல அஜ்மாலிசின் கூடுதலா இருக்காம். ரத்தக் கொதிப்பு மருந்துக்குப் போற சரக்கு அது.

உம்ம ஒம்பதாம் பக்கம் என்ன சொல்லுது? சொட்டு நீரு, நிழல்வலைக் குடில், மாசம் தவறாம யூரியா. மாமனார் வீட்டுல மாப்பிள்ளைக்குக்கூட இப்படி ஒரு கவனிப்பு கிடையாது. கவலையே இல்லாத செடி எதுக்குக் கசக்கணும்? தளதளன்னு எடைக்கு எடை இலை கொடுக்கும், ஊரு ஆடு எல்லாம் வந்து விருந்து சாப்பிடும்.

அதுக்காகத் தண்ணியே காட்டாமப் போட்டுராதீரும். கசப்பு கூடும், இலை நாலுதான் நிக்கும். பட்டினி போடலாம், கொலைப் பட்டினி போடப்படாது. அந்த நடுவாந்திரம் எங்க இருக்குன்னு உம்ம நிலத்தைப் பாத்து எந்தப் புத்தகமும் எழுதல. ஒரே ஒரு ஏக்கரை நாலா வகுந்து, நாலுக்கும் வேற வேற தண்ணிக் கணக்கு வையும். இலையை நிழல்ல காய வச்சு லேபுக்கு அனுப்பும். எடையையும் சத்தையும் பெருக்கிப் பாரும். எது ஜெயிக்கோ அதுதான் உம்ம வாத்தியாரு.

'தாங்கும்'னு அட்டையில போட்டிருக்கீரே, எதைத் தாங்கும்? வறட்சியை மட்டுமா? 2023 மார்கழி பொறந்த அன்னைக்குப் பெஞ்ச மழை மறந்து போச்சா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். வருசம் பூரா பெய்யுததைவிடக் கூட. வெயிலுக்கு அஞ்சாத நித்தியகல்யாணி, காலடியில தண்ணி கட்டுனா வேரழுகித் தலை சாஞ்சிரும். அதனால கரிசப் பள்ளத்தை விட்டுட்டு, செவக்காட்டு மேட்டுல போடும். வடிகாலை மொதல்ல வெட்டும், பெறவு விதையைத் தூவும். இன்னொண்ணு, செடி பிழைச்சா மட்டும் போதாது. இந்த வருசம் முழுக் கசப்பு, வார வருசம் அரைக் கசப்புன்னா டாக்டரு எத்தனை மில்லின்னு எழுதுவாரு? உசிரும் தாங்கணும், கசப்பும் தாங்கணும். அதுதான்வே தாங்குத மூலிகை.

விதை ஆன்லைன்ல சொல்லியாச்சா? என்ன விதை, அவுரியா? போச்சு! நம்ம பக்கம் அவுரின்னா நிலாவாரை. அரபு நாட்டுல இருந்து வந்து, டின்னவெல்லி சென்னான்னு நம்ம ஊரு பேரிலேயே உலகத்து வயித்தை எல்லாம் கழுவுத இலை. வைத்தியப் புத்தகத்துல அவுரின்னா, நீலச் சாயம் எடுக்குத நீலி. நீரு மலச்சிக்கலுக்கு விதைச்சு, முடிச் சாயம் அறுக்கப் போறீரு. அதுவும் நல்லதுக்குத்தான், காதோரம் உமக்கும் வெளுத்திருக்கு.

கடைசியா ஒண்ணு. பொதிகை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக் காட்டுல, 1987-ல ஆராய்ச்சிக்காரங்க மலை ஏறுனாங்க. வழிகாட்டக் காணிக்காரங்க. படிச்சவங்களுக்கு மூச்சு இரைக்குது, காணிக்காரங்க ஏதோ பழத்தைக் கொறிச்சுக்கிட்டுச் சிட்டாப் பறக்காங்க. கெஞ்சிக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான் ஆரோக்கியப் பச்சை. அதுல இருந்து ஜீவனின்னு ஒரு மருந்து செஞ்சு, 1995-ல ஒரு கம்பெனிக்குக் கொடுத்தாங்க. 10 லட்சம் ரூவா, அதுக்கு மேல வித்ததுல நூத்துக்கு ரெண்டு. வாரதுல சரிபாதி காணிக்காரங்களுக்கு. சொல்லிக் கொடுத்தவனுக்கும் பங்கு உண்டுன்னு உலகமே அதை மெச்சுச்சு. இதை எதுக்குச் சொல்லுதேன்னு யோசிக்கீரா? சும்மாதான்.

ஆங், மடியில என்ன முடிச்சுன்னுதானே பாக்கீரு? நித்தியகல்யாணி விதைவே. அந்த மார்கழி வெள்ளத்துல தோட்டமே செத்துச்சு, பதினேழு செடி மட்டும் நிமுந்து நின்னுச்சு. அடுத்த கோடையிலயும் கருகல. அதுகளை மட்டும் தனியா விதை எடுத்து வரப்புல போட்டு வளத்துட்டு வாரேன். கசப்பு இருக்கான்னு கேக்கீரா? தொழுவத்துல நிக்காரே நம்ம லேபரட்டரிக்காரரு, அவரு இதுவரைக்கும் ஒரு இலை தொடல. உம்ம லேபுக்கும் அனுப்பிப் பாரும், ஆடு சொன்னதை மெசின் ஒத்துக்கிடுதான்னு பாப்போம்.

விலையா? மருமகன்கிட்ட விலை பேசுவேனா, என்ன பேச்சு இது! நூத்துக்கு ரெண்டு. எழுதிக் கையெழுத்துப் போடும், போதும்.

தாளு இல்லையா? உம்ம திட்டத்தோட பின்பக்கத்துல எழுதும்... அடடா, கட்டிலைப் பாரும்! கயித்தை அவுத்துக்கிட்டு வந்துட்டாரே! அட்டையில ஆரம்பிச்சு, ஒம்பதாம் பக்கம் வரைக்கும் முடிச்சுட்டாரு. நின்னு ரசிச்சுல்லா திங்காரு!

விடும் மருமகனே, விரட்டாதீரும். ரிசல்ட்டு வந்தாச்சு. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கசப்பா எழுதிக் கொண்டாரும்.