கோலன் அண்ணன்

எங்கள் ஆபீசில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் கோலன் அண்ணன். வேலை செய்யும்போது ‘கோலன் டபிள்யூ... கோலன் க்யூ...’ என்று சஷ்டி கவசம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே இருப்பதால் வந்த பெயர். பழைய மகாபலிபுரம் சாலையில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் இப்படி ஒருவர் இருப்பார். அடையாளம் சொல்கிறேன். மேசையில் மவுஸ் இருக்கும். ஆனால் கவிழ்ந்து கிடக்கும், அதன்மேல் டீ கப் உட்கார்ந்திருக்கும். கீபோர்டில் எச், ஜே, கே, எல் என்ற நான்கு எழுத்துகள் மட்டும் தேய்ந்து அழிந்திருக்கும். பக்கத்தில் அம்புக்குறி போட்ட நான்கு கீயும் கடையிலிருந்து அப்போதுதான் வந்த மாதிரி பளபளக்கும்.

இந்த இனத்தார் விம் என்ற எடிட்டரில் எழுதுகிறவர்கள். விம் என்றால் பாத்திரம் தேய்க்கிற சோப்பு என்று மட்டும் தெரிந்தவர்கள் பாக்கியவான்கள். அண்ணியும் அந்தக் கட்சிதான். “ஏங்க, விம் தீந்துபோச்சு” என்று ஒருநாள் அவர் சமையலறையிலிருந்து குரல் கொடுக்க, அண்ணன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்ததாகக் கேள்வி.

எடிட்டர் என்றால் அடித்த எழுத்து திரையில் விழ வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். விம்மில் அப்படி இல்லை. திறந்தவுடன் அது நார்மல் நிலையில் இருக்கும். அங்கே ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை. எழுத வேண்டுமென்றால் ‘ஐ’ தட்டி உள்ளே போக வேண்டும். முடித்தால் எஸ்கேப் அடித்து வெளியே வர வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் தெரியாமல் அதைத் திறந்துவிட்டு, மூடத் தெரியாமல், கடைசியில் கம்ப்யூட்டரையே அணைத்தேன். அன்றைக்குத்தான் அண்ணன் என்னைத் தம்பியாக ஏற்றுக்கொண்டார்.

வாயைத் திறந்தால் ஸ்தல புராணம்தான். “1976-ல பெர்க்லி யுனிவர்சிட்டில பில் ஜாய்னு ஒரு ஸ்டூடண்ட்டு. அவர்தான் இதோட தாத்தா, வி.ஐ.ன்னு எழுதினாரு. அவர் உட்கார்ந்த ஏ.டி.எம்.-3ஏ டெர்மினல்ல தனியா அம்புக்குறி கீயே கிடையாதுடா. எச் ஜே கே எல் மேலயே அம்பு வரைஞ்சிருக்கும்.” அதே கீபோர்டில் இன்றைய டேப் இருக்கும் இடத்தில் எஸ்கேப் இருந்ததாம், சுண்டுவிரல் எட்டும் தூரத்தில். “இப்ப பாரு, மூலைல தள்ளி வெச்சிருக்கான். கருவறைல இருந்த சாமியைத் தூக்கி வாசல்ல வெச்ச மாதிரி.” ஆகவே அண்ணன் தன் கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றி மறுபிரதிஷ்டை செய்துவிட்டார். அவர் கம்ப்யூட்டரில் வேறு யாரும் உட்கார முடியாது. அவருக்கும் அதுதான் வசதி.

இலக்கணமும் வைத்திருக்கிறார். டி என்றால் வெட்டு. ஐ-டபிள்யூ என்றால் கர்சர் நிற்கிற சொல். டி-ஐ-டபிள்யூ: வெட்டு, சொல்லை. “வெள்ளைக்காரன் புத்தி. வினையை முன்னாடி வெச்சுட்டான். தமிழன் எழுதியிருந்தா சொல்லைக் காட்டிட்டு அப்புறம்தான் வெட்டச் சொல்லியிருப்பான்” என்பார். அப்படியே முதலில் தேர்ந்தெடுத்து, பிறகு வெட்டுகிற காகூன், ஹீலிக்ஸ் என்ற எடிட்டர்கள் வந்துவிட்டன. மாறுவீர்களா என்று கேட்டேன். பெருமாள் கோயில் யானைக்கு நாமத்தை மாற்றிப் போடச் சொன்னவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஈமாக்ஸ் என்ற எதிர்க்கட்சி எடிட்டரில் எழுதுகிறவரோடு அவருக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது.

ஆனால் அண்ணன் முகத்தில் நிஜமான ஒளியைப் பார்க்க வேண்டுமானால் அவர் சொந்தமாகக் கட்டளை உண்டாக்கும்போது பார்க்க வேண்டும். விம்மில் யார் வேண்டுமானாலும் புதுக் கட்டளைக்குப் பெயர் வைக்கலாம். முக்கியமான நிபந்தனை, முதலெழுத்து கேப்பிட்டலாக இருக்க வேண்டும். மீறினால் 183-ஆம் எண் பிழை. “சின்ன எழுத்து பூரா சர்க்கார் நிலம். பெரிய எழுத்துலதான் நமக்குப் பட்டா” என்பது அண்ணனின் வியாக்கியானம்.

முதல் பட்டா வாங்கிய கதை இது. கோப்பைச் சேமிக்கக் கோலன் போட்டு டபிள்யூ அடிக்க வேண்டும். கோலனுக்காக ஷிஃப்டை அழுத்திய விரலை எடுப்பதற்குள் அண்ணனுக்கு டபிள்யூவும் கேப்பிட்டலில் விழுந்துவிடும். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று விம் முகத்தில் அடித்தாற்போல் சொல்லும். பத்து நாள் பொறுத்தார். பிறகு கேப்பிட்டல் டபிள்யூ என்றாலும் சேமி என்றே பொருள் என எழுதி வைத்துவிட்டார். விரலைத் திருத்துவதைவிட அகராதியைத் திருத்துவது அவருக்குச் சுலபம்.

அடுத்தது ‘வெட்டி’. வரிக் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் தொங்கிக்கொண்டிருக்கும் இடைவெளிகளை ஒரே தட்டில் கோப்பு முழுக்க அறுத்துத் தள்ளுகிற கட்டளை. ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர். ஒருநாள் மேனேஜர் பின்னால் வந்து நின்று, “என்னப்பா ஓடுது?” என்றார். அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “வெட்டி சார்” என்றார். அந்த வருஷ இன்கிரிமெண்ட் பற்றி அவர் பேசுவதில்லை.

கட்டளையின் முழுப்பெயரையும் அடிக்க வேண்டியதில்லை. இன்னொன்றோடு குழம்பாதவரை முதலெழுத்தே போதும். அண்ணனும் ஒற்றை ‘வி’யில் வெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று ஆசைப்பட்டு, சேமிக்காமல் எல்லாவற்றையும் மூடுவதற்கு ‘விடு’ என்று ஒன்று வைத்தார். மறுநாள் வி அடித்தால் 464-ஆம் எண் பிழை. எந்த வியைச் சொல்கிறாய் என்று கேட்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தன் கட்டளைகளுக்கெல்லாம் மறுபடி பெயர் சூட்டினார். ஒரு தடவை ‘வெட்டி’ அடித்தால் மிச்சமாவது மூன்று விநாடி. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அசலே தேறாது, வட்டியை விடுங்கள்.

கிண்டலை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். விம்மை வெறுமனே திறந்தால் முகப்பிலேயே உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவும்படி ஒரு வரி இருக்கும். 1991-ல் விம்மை வெளியிட்ட பிராம் மோலெனார் நெதர்லாந்துக்காரர். எடிட்டருக்குக் காசு வாங்காமல், மனமிருந்தால் உகாண்டாவின் கிபாலே பகுதிக் குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டவர். 2023 ஆகஸ்டில் அவர் இறந்த செய்தி வந்த அன்று அண்ணன் டீக்கு வரவில்லை. போய்ப் பார்த்தால் அந்த முகப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பல வருஷமாகக் கிபாலேக்குப் பணம் அனுப்பி வருகிறவர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு மட்டும் மவுஸைத் தொடுவாராம்.

போன தை மாதம் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம். அச்சகத்தில் வேர்ட் கோப்புதான் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் தமிழ்99 கீபோர்டில் பத்திரிகையைத் தானே அடித்தார். அதில் எச் ஜே கே எல் என்பது க ப ம த. கீழே இறங்குவதற்கு ஜேயைத் தட்டத் தட்ட, பத்திரிகை முழுக்க ‘ப்பப்ப’ என்று முளைத்தது. வரியை நீக்க இரண்டு டி அடித்தால் ‘உஉ’ என்று இரட்டைப் பிள்ளையார் சுழி விழுந்தது. அண்ணி உட்கார்ந்து எல்லாவற்றையும் களையெடுத்தார். அதன்பிறகு அண்ணன் கடைசியாக ஒருமுறை சரிபார்த்து, திருப்தியோடு, பழக்கதோஷத்தில் கோலன் டபிள்யூ க்யூ அடித்து எழுந்துவிட்டார்.

முந்நூறு பத்திரிகையிலும் அண்ணன் பெயருக்குக் கீழே ‘ஈஆ’ என்று அச்சாகி வந்தது.

விசேஷத்தன்று திருநெல்வேலியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், “மாப்ளே, பேருக்குக் கீழ ஈஆன்னு போட்டிருக்கே, புதுசா படிச்ச படிப்பா?” என்று கேட்டார்.

“இல்ல மாமா, சேமிச்சுட்டு வெளியே போன்னு அர்த்தம்.”

“அது சரி. சாப்பிட்டுட்டா, சாப்பிடாமலா?”

அந்தப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால், தயவுசெய்து அச்சகத்துக்காரரைத் திட்டாதீர்கள்.